பழைய போன் எங்கே?

"புதுப் போன் வாங்கின நாளிலயிருந்து டேட்டா நிக்குதேயில்லை."

திருகோணமலை நகரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்தில் வேலை செய்தவன் நான். என் வேலைக்காலத்தின் பிற்பாதி இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபடியே கழிந்தது. சிலர் கவுண்டர் கண்ணாடியில் போனை வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பார்கள். சிலர் டொக்டரிடம் வந்தவர்கள் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "நாங்கள் நித்திரை கொள்ளேக்க உங்கட கம்பனிதான் உறிஞ்சுது" என்று நேரே சொன்னவர்களும் உண்டு.

நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, நிலையத்தில் இன்னும் வேலை செய்யும் தம்பிமார் இருவர் ஒரு நாள் வந்தார்கள். "அண்ணே, இந்த டேட்டாக் கதையை நீங்கள் எப்பிடி விளங்கப்படுத்தினனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. இப்ப ஆக்களைக் கம்பனி ஆப்பைப் பாருங்கோ எண்டு அனுப்பிவிடுறம். ஆப்பைப் பாத்திட்டு இன்னும் குழம்பித் திரும்பி வருகினம்" என்றார்கள்.

அன்றே எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நான் தள்ளிப்போட்டேன். இடையில் என் வீட்டிலேயே ஒன்று நடந்துவிட்டது. ஆகவே தம்பிமார் கேட்டதைவிட இது நீளும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது போன் என்பது கதைப்பதற்கு மட்டும். சிம் விற்றேன், போட்ட ரீலோட் காசு போய்ச் சேரவில்லை என்ற முறைப்பாடுகளைக் கேட்டேன், சிக்னல் இல்லை என்று மூதூர்ப் பக்கமிருந்து வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். தொடுதிரைப் போன்கள் வந்த பிறகுதான் கவுண்டரில் இருப்பவனுக்கு யோசிக்க வேண்டிய வேலை வந்தது. அந்த நேரத்தில்தான் பெனடிக்ற் சேர் எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்தார்.

சேர் நகரத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றின் பாடகர் குழுவை நடத்தியவர். அதனாலோ என்னவோ, வந்தவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் தன் குரலை உயர்த்த மாட்டார். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டியைத் தளர்த்த மாட்டார். வேலையில் மிகவும் மெதுவானவர். அவருக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போகும், பக்கத்துக் கவுண்டரில் நாங்கள் பல்லைக் கடிப்போம். அந்த மெதுவுக்குக் காரணம் ஒரு பழக்கம். வாடிக்கையாளரின் போனை அவர் ஒருபோதும் கையில் வாங்குவதில்லை. அவர்கள் நீட்டினாலும் தன் இரண்டு கைகளையும் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். "உங்கட போன், உங்கட கை. எங்க அமத்திறது எண்டு மட்டும் நான் சொல்லுறன்" என்பார். எங்களையும் அப்படியே செய்யச் சொன்னார். ஒரு விரலால் நாலு தட்டில் முடிகிற வேலையை, மூக்குக்கண்ணாடி மறந்து வந்த மனிதர் ஒருவரைக் கொண்டு செய்விப்பது எவ்வளவு பொறுமை கேட்கிற காரியம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

டேட்டா முறைப்பாடு வந்தால் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பழைய போன் எங்க?"

ஆட்கள் திகைப்பார்கள். புதுப் போனைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் பழையதைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதில்தான் விசயம் தொடங்கும். சிலருடைய பழைய போன் வீட்டில் சின்னப்பிள்ளையின் கையில் இருக்கும். சிம் இல்லாவிட்டாலும் புதுப் போனின் ஹொட்ஸ்பொட்டில் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கார்ட்டூன் ஓடும்.

பழைய போனில் பிழை இல்லையென்றால் அடுத்ததாகப் புதுப் போனின் குணத்துக்கு வருவார். புது வீட்டுக்குக் குடிபோன மாதிரி என்று சொல்வார். முதல் கிழமை லொறி லொறியாகச் சாமான் இறங்கும். ஆப்புகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும், பழைய செய்திகளும் படங்களும் திரும்ப வந்து சேரும். அது ஒருமுறைச் செலவு. பிறகும் குறையவில்லையென்றால் இரண்டு காரணம். புதுப் போனின் கமரா பெரியது, அதனால் எடுக்கிற படமும் பெரியது, ஒவ்வொன்றும் மேலே இணையத்தில் இருக்கும் சேமிப்புக்குப் போகும்போது டேட்டாவைத் தின்னும். திரை நல்லது என்பதால் வீடியோக்களும் தாங்களாகவே கூடிய தரத்தில் ஓடும். இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் சுவிட்ச் மாதிரி ஆளியுண்டு. படச் சேமிப்பை "வைஃபையில் மட்டும்" என்று மாற்ற வேண்டும், வீடியோத் தரத்தைக் கையால் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. போனின் அமைப்புகளுக்குள் டேட்டாப் பாவனை என்று ஒரு பக்கம் இருக்கிறது. அது முதலாம் திகதியிலிருந்து கணக்கெடுக்கும். பக்கேஜோ நீங்கள் போட்ட நாளிலிருந்து ஓடும். இரண்டு திகதியையும் ஒன்றாக்காமல் பார்த்தால் இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துவராது. கம்பனி களவெடுக்கிறது என்ற கதையில் பாதி இங்கேதான் பிறக்கிறது, தம்பிமார். முதலில் திகதியை மாற்றிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

அந்தப் பக்கத்தில்தான் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக நிற்கும். சேர் கையைக் கவிழ்த்து வைத்ததன் காரணம் எனக்கு அந்தப் பக்கத்தால்தான் தெரியவந்தது. அதையும் உடனே ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கிளிவெட்டியிலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தவள். மாமன்காரர் வெளிநாட்டிலிருந்து போன் அனுப்பியிருந்தார். சேரின் கவுண்டருக்குப் போனதும் தகப்பன் போனை மகளின் கையிலிருந்து வாங்கி நீட்டினார்.

"சேர், பழைய போனில மாசம் முழுக்கக் கிடந்த டேட்டா இப்ப ஒரு கிழமைக்குக் காணாது. இவள் என்னத்தைப் பாக்கிறாள் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

சேரின் கைகள் கண்ணாடியில் கவிழ்ந்துகொண்டன. "இருங்கோ ஐயா. போனைப் பிள்ளையிட்டக் குடுங்கோ. அவ திறக்கட்டும்."

"நான் உங்களிட்டயெல்லோ தாறன்."

"அளவு சொல்லுவன் ஐயா. ஆப்பின்ர பேர் சொல்ல மாட்டன்."

"நான் இவளின்ர தகப்பன்."

"ஓம். அப்ப நீங்கள் அவவிட்டயே கேக்கலாம். என்னட்டக் கேக்கத் தேவையில்லை."

வரிசையில் நின்ற ஒருவர், "அந்த மனிசன் சரியாத்தானே கேக்குது, சேர். எங்கட வீட்டிலயும் இதே கதைதான்" என்றார். இன்னொருவர், "உங்கட வீட்டில மனிசி உங்களையெல்லோ கேக்கவேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனும் மகளும் மட்டும் சிரிக்கவில்லை.

சேர் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அமத்தினாள். "மேல நிக்கிறதைத் திறவுங்கோ. கீழ ஒரு ஆளி இருக்கும். ஓம், அதை நிப்பாட்டுங்கோ. இனிக் குறையும்." அவ்வளவுதான். மேலே நின்ற பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தகப்பன் அந்த இடத்திலேயே சிம்மைக் கழற்றினார், போனைத் தன் சேட்டுப் பொக்கற்றில் போட்டார், திரும்பி நடந்தார். மகள் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் நான் சேருடன் வாதாடினேன். அப்போது என் மகள் சின்னப்பிள்ளை. ஆனால் அந்தத் தகப்பனின் முகம் எனக்கு விளங்கியது. "சேர், அந்தாள் பயத்தில கேட்டவர். நீங்கள் பேரைச் சொல்லியிருந்தால் பயம் போயிருக்கும்" என்றேன்.

"அந்தப் பேரைப் பாத்தால் எனக்கு ஒண்டும் விளங்காது" என்றார் சேர். "அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அதுதான் பிரச்சினை."

எனக்கு அது மழுப்பலாகத்தான் பட்டது. தனக்கு நோகாத நியாயம் பேசுகிறார், பெண்பிள்ளை பெற்றிருந்தால் இப்படிச் சொல்ல மாட்டார் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். கையைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் மட்டும் வேலையோடு வேலையாக என்னிடம் ஒட்டிக்கொண்டது.

இனி என் வீட்டு விசயம்.

நாங்கள் லிங்கநகரில் இருக்கிறோம். நான், மனைவி, மகள் மதுரா. மதுரா இப்போது படிப்பு முடித்து, நகரில் ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறாள். அவளுடைய போன் பழசாகி நின்று நின்று வேலை செய்தது. தாயும் மகளுமாகக் கடைக்குப் போய்ப் பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொண்டு வந்தார்கள். சில நாளில் வழக்கமான வாக்கியம் என் வீட்டுக்குள்ளேயே கேட்டது. "அப்பா, டேட்டா முடிஞ்சுது."

நான் சிரித்தேன். "லொறியில சாமான் இறங்குது. முடிய விடு" என்றேன். மறுபடி ரீலோட் போட்டோம். அதுவும் போய்விட்டது.

ஒரு பின்னேரம் அவளைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, என் கைகளை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "டேட்டாப் பாவனையைத் திற. மேல என்ன நிக்குது எண்டு பார். எனக்குச் சொல்லத் தேவையில்லை" என்றேன். அவள் திறந்தாள். "படம் சேமிக்கிற ஆப், அப்பா" என்று தானாகவே சொன்னாள். "அதைத் திறந்து பார், என்ன ஏறுது எண்டு." அவள் அந்த ஆப்பை அதுவரை திறந்ததே இல்லையாம். போனில் வழக்கமாகப் படம் பார்க்கிற இடம் வேறு, இது வேறு.

திறந்ததும் திரையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளை சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பினாள். போனைக் கையில் எடுப்பதையே குறைத்தாள். அது சத்தம் போட்டால் திடுக்கிட்டாள். கேட்டால் "ஒண்டுமில்லை அப்பா". தாய் கேட்டாலும் அதே பதில். பேப்பரில் வருகிற கதைகளெல்லாம் என் தலைக்குள் வரிசைகட்டி நின்றன. யார் மிரட்டுகிறான்? எதை வைத்து மிரட்டுகிறான்?

"ஊரில உள்ளவையின்ர போனெல்லாம் சரிபாத்துக் குடுத்த மனிசன். சொந்தப் பிள்ளையிட போனை ஒருக்காத் திறந்து பாக்க ஏலாதோ?" என்றாள் மனைவி.

ஏலும். பூட்டு இலக்கம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மதுரா குளிக்கப் போயிருந்தாள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நான் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் கை போனுக்கு மேலே போய்விட்டது. அந்த நேரம் நான் கிளிவெட்டித் தகப்பனாகத்தான் இருந்தேன், வேறு ஆளாக இல்லை. எது தடுத்தது என்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிய நியாயம் ஒன்றும் தோன்றவில்லை. எத்தனையோ வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டில் போனுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து படுத்தது.

தலைத் துவாயோடு வந்தவள் என்னைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாத்திட்டீங்களோ?"

"இல்லை."

"உண்மையா?"

"உண்மையா, மகள்."

எதையாவது கேட்டாக வேண்டும் என்று வாய்க்குப் பழகிய ஒன்று வெளியே வந்தது. "பழைய போன் எங்க?"

"கடையில குடுத்ததுதானே, அப்பா."

"குடுக்கேக்க என்னென்ன எடுத்தனீ?"

"சிம்மை எடுத்தனான். மெமரி கார்ட்டை எடுத்தனான். பூட்டை எடுத்துவிடச் சொன்னவை, அதையும் எடுத்துவிட்டனான்."

"போனில பதிஞ்ச எக்கவுண்ட்?"

அவளுக்கு விளங்கவில்லை. இங்கே யாருக்கும் விளங்குவதில்லை. சிம்மைக் கழற்றினால் போனின் உயிர் போய்விட்டது, மிச்சம் வெறும் பெட்டி என்பது எங்கள் ஊரின் உறுதியான நம்பிக்கை. கவுண்டரில் எத்தனை பேர் சிம்மை மட்டும் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, போனை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து நின்றிருக்கிறார்கள். கடைக்காரரும் அழித்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு அழிக்காமல் விற்றிருக்கிறார். பழைய போன் இன்னும் மதுராவின் எக்கவுண்டில்தான் விழித்துக்கொண்டிருந்தது.

"நீயே திற. நீ காட்டினால்தான் பாப்பன்" என்றேன்.

அவள் திறந்து என் பக்கம் திருப்பினாள். ஒரு இளைஞன். துறைமுக மேடையில் பெரிய கப்பலின் மூக்குக்கு முன்னால் நின்று தன்னைத்தானே எடுத்த படங்கள். தோளில் தடித்த கயிறு. சேட்டில்லாமல் ஒன்று. கண்ணாடிக்கு முன்னால் தலை வாரியபடி ஒன்று. படத்துக்கு மேல் படம்.

"இவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது, அப்பா. சத்தியமாத் தெரியாது. நீங்கள் கண்டா நம்பமாட்டியள் எண்டுதான் காட்டேல்லை" என்றாள்.

அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தப் போனைத் திறந்திருந்தால் இதைத்தான் கண்டிருப்பேன். வயதுக்கு வந்த ஒரு பெண்பிள்ளையின் போனில் ஒரு பொடியனின் சேட்டில்லாத படம். எனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். நான் என்ன சொல்லியிருப்பேன், எந்தச் சொல்லால் கூப்பிட்டிருப்பேன், அவள் என்ன செய்திருப்பாள் என்பதை நினைத்தால் இப்போதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பி நடக்க வேண்டியிருக்கிறது.

அப்போது மதுரா கேட்டாள். "அவற்ற படம் எனக்கு வருதெண்டா, அப்பா… என்ர படம்?"

பழைய போனை வாங்கியவன் எடுத்ததெல்லாம் அவளுடைய எக்கவுண்டுக்கு ஏறியது போல, அவளுடைய புதுப் போன் டேட்டாவைத் தின்று மேலே ஏற்றிய ஒவ்வொரு படமும் அவனிடம் இறங்கியிருக்கும். எக்கவுண்டுக்குள் எந்தெந்தப் போன் திறந்திருக்கிறது என்ற பட்டியலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். பழைய போன் அங்கே நின்றது. "வெளியேற்று" என்றேன். அமத்தினாள். கடவுச்சொல்லையும் மாற்றினாள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை நான் மதுராவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். போனை வாங்கியவன் எவனென்று கேட்டு, அவன் எதை எடுத்து வைத்திருக்கிறான் என்று பார்க்காமல் விடுவதில்லை என்ற கோபத்தோடுதான் போனேன். கடைக்குள் ஏற்கெனவே ஒருவன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் இருந்தது. இப்ப ஒண்டுமில்லை. என்ர பிள்ளை பிறந்த நாளிலயிருந்து எடுத்து இதுக்கு மாத்தின படம் எல்லாம் போயிட்டுது. என்ன போனை வித்தனீங்கள்?"

மதுரா என் கையைப் பிடித்தாள். "அப்பா, அவர்தான்."

அவனும் திரும்பினான். மதுராவைக் கண்டதும் வாய் நின்றுவிட்டது. அவளை அவனுக்குத் தெரியும் என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்தது. ஒரு முழு அந்நியன் என் மகளை அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கணம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவன் உடனே பார்வையை நிலத்துக்கு இறக்கினான்.

"ஐயா, நீங்கள் இவவுக்கு…?"

"தகப்பன்."

"ஐயா, கடவுளாணை நான் ஒண்டும் செய்யேல்லை. ஆரோ ஒரு பிள்ளையிட படமா வந்துகொண்டிருந்தது. என்ர மனிசி கண்டிட்டா. ஆர் இவள் எண்டு கேட்டுப்போட்டு, நாலு நாளா என்னோட கதைக்கிறேல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உப்புவெளியில தாய் வீட்டில போய் இருக்கிறா." போனை என்னிடம் நீட்டினான். "வேணுமெண்டா முழுக்கப் பாருங்கோ."

நான் கைகளைக் கடைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். "நீங்களே திறந்து காட்டுங்கோ, தம்பி."

காட்டினான். வெறுமை. போனில் இடமில்லை என்று அது கேட்டபோதெல்லாம் "இடத்தை விடுவி" என்பதை அமத்தியிருக்கிறான். பிள்ளையின் படங்கள் போனிலிருந்து அழிந்து, மதுராவின் எக்கவுண்டில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாங்கள் வெளியேற்றியதும் கையில் ஒன்றுமில்லை. அவனை நம்பினேன் என்று எழுத ஆசைதான். முழுக்க நம்பவில்லை. இன்னும் முழுக்க இல்லை.

அவன் பெயர் சசி. துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. "ஐயா, மனிசியோட ஒரு சொல்லுக் கதைச்சு விடுவீங்களோ?" என்று கேட்டுவிட்டு, நான் ஓம் சொல்லுமுன்னமே எண்ணை அமத்தி என்னிடம் தந்தான்.

"பிள்ளை, நான் அந்தப் படங்களில இருக்கிற பிள்ளையிட தகப்பன் கதைக்கிறன்."

"அவருக்கு நீங்கள் என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. இண்டைக்குத்தான் ஆளைக் காணுறன்."

"காணாத ஆளுக்கு ஏன் வக்காலத்து வாங்குறியள்?"

என் வேலைக்காலத்தில் இதைவிட நல்ல கேள்வியை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கவுண்டர்க் குரலில் விளக்கத் தொடங்கினேன். வீடு கைமாறினது, பூட்டும் திறப்பும் மாறேல்லை, ரெண்டு குடும்பமும் ஒரே அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தது. அவள் கேட்டுவிட்டு, "பிள்ளை பக்கத்தில நிக்கிறாவோ? குடுங்கோ" என்றாள்.

மதுரா வாங்கினாள். "ஓம் அக்கா… இல்லை அக்கா… நானும் பயந்துதான் போனனான்…" பிறகு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, சிரித்தாள். "பேபிக்கு எண்ணெய் வைக்கிற வீடியோ நேற்றுக் கீழ இறக்கிப் பாக்கேக்கதான் அக்கா கண்டனான். சின்னவர் என்ன அப்பிடிக் கத்துறார்?"

போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது சசியின் மனைவியின் குரல். "அதை மட்டும் அழிச்சுப் போடாதேங்கோ, தங்கச்சி!"

சசிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மனைவியின் இலக்கத்தைத் தந்துவிட்டு ஓடினான். கடைக்காரரிடம் நான் சொன்னவற்றை இங்கே எழுதவில்லை.

தம்பிமார், நீங்கள் கேட்டது மேலே இருக்கிறது. திகதியை ஒன்றாக்குங்கள், படச் சேமிப்பை வைஃபையில் மட்டும் விடுங்கள், வீடியோவின் தரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பழைய போன் எங்கே என்று கேளுங்கள். கொடுத்தாயிற்று என்றால், சிம்மைத் தவிர வேறென்ன எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கை கண்ணாடியில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மதுரா சசியின் மனைவிக்குப் படங்களை அனுப்பத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. "நாளைக்கு முன்பள்ளியில வைஃபை இருக்குத்தானே, அங்க போய் அனுப்பு" என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதிரையில் காலை மடித்து இருந்து, ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இடையில் குசினியிலிருந்து தாய் கூப்பிட்டபோது "ஓம், வாறன், பசிக்குது" என்றாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், "அப்பா, டேட்டா முடிஞ்சுது" என்றாள்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"எல்லாம் போய்ச் சேந்திட்டுது. அந்த எண்ணெய் வைக்கிற வீடியோ மட்டும்தான் மிச்சம்."

நான் சேட்டை எடுத்துக் கொழுவிக்கொண்டு, ரீலோட் போடச் சந்திக் கடைக்குப் போனேன்.